டேட்டா டொங்கிளில் ஓடும் பழைய கணினியில் மெயில்நாக்: அமைப்புக் கோப்பைக் கையால் எழுதுவது எப்படி?

டீச்சர், உங்கள் கேள்வியைச் சுருக்கிப் பார்த்தால் நான்கு விஷயம் இருக்கிறது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை அலுவலகத்தில் இருக்கும் பழைய லினக்ஸ் கணினியில், பாடசாலையின் ஜிமெயில் கணக்குக்குப் புது மடல் வந்தால் அறிவிக்கும் மெயில்நாக் என்ற நிரலைப் போட்டிருக்கிறீர்கள். அதன் செட்டிங்ஸ் ஜன்னல் திறக்கவே மாட்டேன் என்கிறது, ஆகவே கோப்பிலேயே நேரடியாக எழுதலாமா என்று கேட்கிறீர்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் மடலுக்கு மட்டும் அறிவிப்பு வர வேண்டும், கண்ட விளம்பரத்துக்கெல்லாம் வரக்கூடாது. சத்தம் மட்டும் கேட்கிறது, திரையில் எதுவும் தோன்றவில்லை. இதைப் போட்டதிலிருந்து டொங்கிளில் டேட்டா கரைந்து போகிறது, பார்க்கும் இடைவெளியை முப்பது நிமிடமாக்கினால் சரிவருமா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான விடைதான் கோப்பில் என்ன எழுத வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது. இடைவெளியைக் கூட்டினால் செலவு குறையும், ஆனால் நோய் அங்கே இல்லை. உங்கள் இன்பொக்ஸில் குவிந்து கிடக்கும் படிக்காத மடல்கள்தான் நோய்.

மெயில்நாக் ஒவ்வொரு முறையும் சேர்வரிடம் போய், படிக்காத மடல் எவையெவை என்று கேட்டு, அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தலைப்பகுதியை இறக்கிப் பார்க்கிறது. மடலின் உடலையோ இணைப்பையோ அது இறக்குவதில்லை, அதனால் பலரும் இதற்கு டேட்டாவே செலவாகாது என்று நினைத்துவிடுகிறார்கள். தலைப்பகுதி என்றால் அனுப்பியவர் பெயரும் விஷயமும் மட்டும் அல்ல. மடல் எந்தெந்த சேர்வர் வழியாக வந்தது, அது போலி இல்லை என்பதற்கான கையொப்பங்கள், ஸ்பேம் சோதனை விவரம் என்று ஒரு நீளமான வால் அதற்கு உண்டு. இந்தக் காலத்து மடல் ஒன்றுக்கு அது 5 கிலோபைட்டைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். பாடசாலை மின்னஞ்சல் கணக்கு என்றால் பல வருடமாகப் பலர் பாவித்தது, யாரும் எதையும் படித்ததாகக் குறிக்காமல் விட்டது. உதாரணத்துக்கு அதில் படிக்காத மடல் 3000 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பார்க்க 15 மெகாபைட். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் மணிக்கு 90 மெகாபைட், காலை 7.30 முதல் 1.30 வரை பாடசாலை நடக்கும் ஆறு மணி நேரத்தில் 540 மெகாபைட். நீங்கள் சொல்கிற மாதிரி முப்பது நிமிடமாக்கினாலும் 180 மெகாபைட் போகும், ஒரு புது மடல்கூட வராத நாளிலும். ரீலோட் போட்டுப் போட்டு அலுவலகம் நடத்துகிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே கோப்பைத் தொடுவதற்கு முன்னால் ஜிமெயிலில் ஒரு வேலை. பிரவுசரில் உள்ளே போய், வடிகட்டி ஒன்று உருவாக்குங்கள்: வலயக் கல்வி அலுவலகத்தின் முகவரியிலிருந்து வருவதற்கெல்லாம் ஒரு லேபல் ஒட்டு என்று. இரண்டு மூன்று முகவரிகளிலிருந்து அனுப்புகிறார்கள் என்றால் எல்லாவற்றையும் அனுப்புநர் பெட்டியில் ஓர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இடையில் போட்டு எழுதலாம். இன்பொக்ஸிலிருந்து விலக்கு என்பதை டிக் செய்ய வேண்டாம், அதிபர் தன் போனில் பார்க்கிற இடம் மாறிவிடக்கூடாது. பிறகு செட்டிங்ஸில் லேபல் பட்டியலுக்குப் போய், அந்த லேபலை ஐமேப்பில் (மெயில்நாக் போன்ற நிரல்கள் சேர்வரோடு பேசும் முறை) காட்டு என்ற பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயில் லேபலை மெயில்நாக் போன்ற நிரல்கள் ஒரு ஃபோல்டராகவே பார்க்கும். நாம் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் கவனிக்கச் சொல்லப் போகிறோம். 3000 மடல் இன்பொக்ஸில் அப்படியே கிடக்கட்டும், அதன் பக்கம் நிரல் திரும்பியே பார்க்காது. லேபலுக்குள் ஏற்கெனவே வந்து விழுந்த பழைய மடல்களை மட்டும் ஒரேயடியாகப் படித்ததாகக் குறித்துவிடுங்கள்.

வடிகட்டியை விஷயத் தலைப்பில் உள்ள சொல்லை வைத்துச் செய்யாதீர்கள், முகவரியை வைத்தே செய்யுங்கள். சுற்றறிக்கை என்ற சொல்லைத் தேடினால் போதுமே என்று தோன்றும். ஆனால் நம் அலுவலகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் அடித்ததை அப்படியே எடுத்துத் தலைப்பில் ஒட்டினால் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வந்து சேரும், எந்த வடிகட்டிக்கும் பிடிபடாது. சிங்களத்தில் மட்டும் தலைப்பிட்டு வருவதும் நிறைய. முகவரி மாறுவதில்லை.

லேபலின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், ஸோனல் என்று ஒரே சொல்லாக. வலயம் என்று தமிழில் வைத்தால் ஜிமெயிலில் அழகாகத் தெரியும், ஆனால் ஐமேப் என்பது ஆங்கில எழுத்தை மட்டும் மனதில் வைத்து உருவான பழைய முறை, மற்ற மொழிப் பெயர்களை அது மாற்றியமைத்த யூடிஎஃப் 7 என்ற குறியீட்டில்தான் கொண்டுபோகும். அதாவது உங்கள் தமிழ்ப் பெயர் சேர்வரில் ஒரு அன்ட் குறியில் தொடங்கி ஒரு சிறு கோட்டில் முடிகிற புரியாத எழுத்துக் கோவையாக இருக்கும். கையால் கோப்பு எழுதும்போது இந்தச் சிக்கல் நமக்குத் தேவையில்லை.

அடுத்தது கடவுச்சொல். ஜிமெயிலின் வழக்கமான கடவுச்சொல்லை இதில் போட்டால் வேலை செய்யாது. 2022 இலேயே கூகுள் அந்த வழியைத் தனிப்பட்ட கணக்குகளுக்கு மூடிவிட்டது. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, செயலிக் கடவுச்சொல் ஒன்று எடுக்க வேண்டும். 16 எழுத்து, நான்கு நான்காகப் பிரித்து இடைவெளியோடு காட்டும். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதுங்கள். பிற்காலத்தில் யாராவது கணக்கின் பிரதான கடவுச்சொல்லை மாற்றினால் இந்தச் செயலிக் கடவுச்சொல் செத்துவிடும், புதிதாக ஒன்று எடுக்க வேண்டியிருக்கும். அதிபர் மாறிப் போகும்போது இது கட்டாயம் நடக்கும், அப்போது நிரலைக் குறை சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இனி கோப்புக்கு வருவோம். உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல் எச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் கொன்ஃபிக், அதற்குள் மெயில்நாக், அதற்குள் மெயில்நாக் டொட் சிஎஃப்ஜி. முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் பக்கத்தில் வையுங்கள். திறப்பதற்கு மவுஸ்பேட், நானோ மாதிரி வெறும் எழுத்துத் திருத்தி போதும், லிப்ரே ஒஃபிஸ் வேண்டவே வேண்டாம், அது நேரான மேற்கோள் குறிகளை அழகுக்காக வளைத்துவிடும், நிரல் அதைப் புரிந்துகொள்ளாது. நீங்கள் எழுதும்போது மெயில்நாக்கின் செட்டிங்ஸ் ஜன்னல் பின்னால் எங்கும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது, அது மூடும்போது தன் கையில் உள்ள பழைய மதிப்புகளை உங்கள் திருத்தத்தின் மேல் எழுதிவிடலாம்.

கோப்பு சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பும் அதன் கீழே பெயர், சமக்குறி, மதிப்பு என்று ஒரு வரிக்கு ஒன்றாகவும் இருக்கும். நிரல் பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது, அதனால் பைத்தனின் சில கண்டிப்புகள் இங்கே உண்டு, கையால் எழுதுகிறவர்கள் விழுவது இவற்றில்தான். மதிப்புக்குப் பின்னால் அதே வரியில் குறிப்பு எழுதக்கூடாது. 10 என்று எழுதி ஹாஷ் போட்டு பத்து நிமிடம் என்று விளக்கம் எழுதினால், அந்த விளக்கமும் மதிப்பின் பகுதியாகி, எண் இல்லை என்று நிரல் விழுந்துவிடும். குறிப்பு வேண்டுமென்றால் தனி வரியில், வரியின் முதல் எழுத்தாக ஹாஷ் போட்டு எழுதுங்கள். வரியை இடைவெளி விட்டுத் தொடங்காதீர்கள், முந்தைய வரியின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். ஒரே தலைப்பின் கீழ் ஒரே பெயரை இரண்டு தடவை எழுதக்கூடாது. பழைய வரியை வைத்துக்கொண்டு கீழே புதியதைச் சேர்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, இங்கே பழையதை மாற்றித்தான் எழுத வேண்டும்.

பெயர்களை நான் தமிழில் ஒலித்து எழுதுகிறேன், கோப்பில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொற்களுக்கு இடையே அடிக்கோடு போட்டு இருக்கும்.

முதல் தலைப்பு கோர். அதில் போல் இன்டர்வல் என்பதுதான் நீங்கள் கேட்ட இடைவெளி, நிமிடக் கணக்கு. ஐமேப் ஐடில் டைம்அவுட் என்பது வேறு, அதுவும் நிமிடம்தான், உங்களுக்கு முக்கியமானது அதுதான், கீழே விளக்குகிறேன். கனெக்டிவிட்டி டெஸ்ட் என்று ஒன்று உண்டு, இணையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவதற்கு. வழக்கமாக ஓட்டோ என்று இருக்கும். உங்கள் டொங்கிள் நெட்வேர்க் மேனேஜர் வழியாக இல்லாமல் வேறு வழியில் இணைகிறது என்றால், பிரவுசர் ஓடுகிறபோதும் மெயில்நாக் மட்டும் இணையம் இல்லை என்று காத்துக்கொண்டே இருக்கக்கூடும். அப்படி நடந்தால் அங்கே பிங் என்று எழுதுங்கள்.

அடுத்த தலைப்பு அக்கவுன்ட்1, இடையில் இடைவெளி இல்லாமல். எனேபிள்ட் 1, நேம் நீங்கள் விரும்பும் பெயர், யூசர் முழு மின்னஞ்சல் முகவரி, சேர்வர் ஐமேப் டொட் ஜிமெயில் டொட் கொம், போர்ட் 993, எஸ்எஸ்எல் 1, ஐமேப் 1, ஐடில் 1. ஃபோல்டர் என்ற வரியில் ஏற்கெனவே என்ன வடிவத்தில் எழுதியிருக்கிறதோ அதே வடிவத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுங்கள். புதிய பதிப்புகளில் சதுர அடைப்பும் இரட்டை மேற்கோளும் இருக்கும், அவை நேரான குறிகளாக இருப்பது அவசியம். ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் கொடுங்கள், அதன் காரணமும் இந்த ஐடிலில் இருக்கிறது.

ஐடில் இல்லாவிட்டால் நிரல்தான் திரும்பத் திரும்பப் போய் ஏதாவது வந்ததா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாக இணைந்து, சான்றிதழ் சரிபார்த்து, உள்நுழைந்து, பட்டியல் எடுத்து, வெளியே வர வேண்டும். ஐடிலில் ஒரு தடவை இணைந்துவிட்டு இணைப்பைத் திறந்தபடியே வைத்திருக்கும், புது மடல் வந்தால் சேர்வரே சொல்லும். டேட்டாவும் மிச்சம், மடல் வந்த சில நொடியில் அறிவிப்பும் வரும். ஒரு இணைப்பில் ஒரு ஃபோல்டரைத்தான் அது கவனிக்கும், அதனால்தான் ஒன்று மட்டும் கொடுங்கள் என்றேன். இதை வரையறுத்த 1997 ஆம் ஆண்டு ஆவணமே, சும்மா இருக்கும் இணைப்பைச் சேர்வர் முப்பது நிமிடத்தில் அறுத்துவிடலாம், ஆகவே 29 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது புதுப்பித்துக்கொள் என்று சொல்கிறது. அது கம்பி இணைப்புக்குச் சரி. மொபைல் டேட்டாவில் சும்மா கிடக்கும் இணைப்பை நெட்வேர்க் அதற்கு முன்பே சத்தமில்லாமல் மறந்துவிடும். அறுந்தது உங்கள் கணினிக்குத் தெரியாது. இணைந்திருப்பதாகவே நினைத்துக் காத்துக்கொண்டிருக்கும், மடல் வந்து மணிக்கணக்காகியும் ஒன்றும் சொல்லாது. நம் பக்கம் இது இன்னும் அதிகம்: மலை மறைப்பில் சிக்னல் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், தென்மேல் பருவக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் கோபுரமும் படுத்துவிடும். எனவே ஐமேப் ஐடில் டைம்அவுட்டை 10 இல் வையுங்கள். அறிவிப்பு தாமதமாகிறது என்று கண்டால் 5 ஆக்குங்கள். ஃபோல்டர் சின்னதாகிவிட்டதால் அடிக்கடி புதுப்பித்தாலும் செலவு சில கிலோபைட்தான்.

ஐடில் ஓடுகிற கணக்குக்கு போல் இன்டர்வல் பொருந்தாது. ஆகவே அதை முப்பது ஆக்கினாலும் அறுபது ஆக்கினாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஐடில் இல்லாத இன்னொரு கணக்கை அக்கவுன்ட்2 என்று சேர்த்தால்தான் அது வேலைக்கு வரும்.

கடவுச்சொல் வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணினியில் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் சாவிக்கொத்து நிரல் இருந்தால் மெயில்நாக் கடவுச்சொல்லை அங்கே ஒப்படைத்துவிட்டுக் கோப்பில் அந்த வரியை வெறுமையாக விட்டுவிடும். உங்களுடையது மாதிரி இலேசான டெஸ்க்டொப்பில் அது பெரும்பாலும் இருக்காது, கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கோப்பில் கிடக்கும். யாரும் திறந்து வாசிக்கலாம். ஆகவே டெர்மினலில் சிஎச்மொட் 600 கட்டளையை அந்தக் கோப்புக்குக் கொடுங்கள், உங்கள் பயனர் கணக்கைத் தவிர வேறு கணக்கு அதைப் படிக்க முடியாமல் போகும். ஆனால் எல்லா ஆசிரியர்களும் ஒரே பயனர் கணக்கில் உள்ளே வருகிறார்கள் என்றால் இந்தப் பூட்டுக்கு அர்த்தமே இல்லை. அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு தனிப் பயனர் கணக்கு உருவாக்குவதுதான் சரியான வழி, அதைத் தயவுசெய்து செய்யுங்கள். பிள்ளைகளின் விவரம், ஆசிரியர் இடமாற்றம் எல்லாம் வருகிற பெட்டி அது. நகல் எடுத்து வைத்த பழைய கோப்புக்கும் இதே பூட்டைப் போட மறக்க வேண்டாம்.

சத்தம் வருகிறது, அறிவிப்புப் பெட்டி வரவில்லை என்பதற்குக் காரணம் மெயில்நாக் இல்லை. அது செய்தியைக் கொடுக்கிறது, திரையில் வரைவதற்கு வேறொரு நிரல் வேண்டும், பெரிய டெஸ்க்டொப்களில் அது கூடவே வரும், இலேசானவற்றில் நாம்தான் போட வேண்டும். டன்ஸ்ட் என்பதைப் போடுங்கள், பழைய கணினிக்கு அது போதும். வேறு அறிவிப்பு நிரல் ஏற்கெனவே ஓடினால் இரண்டும் ஒன்றாக ஓடாது, ஒன்றை எடுத்துவிடுங்கள். டன்ஸ்டுக்கும் ஒரு அமைப்புக் கோப்பு உண்டு: அதே கொன்ஃபிக் ஃபோல்டருக்குள் டன்ஸ்ட் என்ற ஃபோல்டர், அதில் டன்ஸ்ட்ஆர்சி. பொதியோடு வரும் மாதிரிக் கோப்பை அங்கே நகலெடுத்து இரண்டு இடத்தில் மட்டும் கை வையுங்கள். அர்ஜென்சி நோர்மல் என்ற தலைப்பின் கீழ் டைம்அவுட்டை 0 ஆக்கினால் பெட்டி நீங்கள் கிளிக் செய்யும்வரை திரையிலேயே நிற்கும். இரண்டு பாடம் எடுத்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பி வருகிறவருக்கு, பத்து நொடியில் மறைந்து போகும் பெட்டியால் ஒரு பலனும் இல்லை. இன்னொன்று குளோபல் தலைப்பின் கீழ் ஃபொண்ட். அதை நோட்டோ சான்ஸ் 11 என்று மாற்றுங்கள். தமிழும் சிங்களமும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துருவே கணினியில் இல்லை என்று அர்த்தம். டெபியன், உபுண்டு வகை என்றால் ஃபொண்ட்ஸ் நோட்டோ கோர் என்ற பொதியில் இரண்டும் இருக்கின்றன.

மெயில்நாக் கோப்பில் லிப்நோட்டிஃபை பிளகின் (திரை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளும் துணைநிரல்) என்ற தலைப்பில் நோட்டிஃபிகேஷன் மோட் என்று ஒரு வரி உண்டு. 0 என்றால் எத்தனை மடல் என்பது மட்டும், 1 என்றால் அனுப்பியவரும் மடலின் விஷயமும் சேர்ந்த பட்டியல், 2 என்றால் மடலுக்கு ஒரு தனிப் பெட்டி. மேசையைச் சுற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் வந்து நிற்கிற அறை என்றால் 0 தான் என் தெரிவு. இந்தத் தலைப்பில் எதை எழுதினாலும், கோர் பகுதியில் எனேபிள்ட் பிளகின்ஸ் என்ற வரியில் அந்தப் பிளகினின் பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, அதையும் ஒரு தடவை பாருங்கள். சத்தம் வேண்டாம் என்றால் அதே வரியிலிருந்து சவுண்ட் பிளகினை எடுத்துவிடலாம்.

ஸ்பேம் ஃபில்டர் பிளகின் என்று ஒன்றும் இருக்கிறது, தேவையில்லாத சொற்களைக் கமா போட்டு எழுதினால் அவை உள்ள மடலுக்கு அறிவிப்பு வராது. உங்களுக்கு அது வேண்டாம். அது இறக்கிய பிறகுதான் வடிகட்டும், டேட்டா போனது போனதுதான்.

எல்லாம் எழுதி முடித்ததும் லொக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள், நிரல் தொடங்கும்போது மட்டும்தான் கோப்பைப் படிக்கும். சரிவரவில்லை என்றால் ஓடிக்கொண்டிருக்கும் மெயில்நாக்கை நிறுத்திவிட்டு, டெர்மினலில் மெயில்நாக் என்று அடித்து ஓடவிடுங்கள், என்ன செய்கிறது, எங்கே இடறுகிறது என்று அங்கேயே எழுதிக் காட்டும். உள்நுழைவு தோல்வி என்றால் செயலிக் கடவுச்சொல். ஃபோல்டர் இல்லை என்றால் லேபல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. சான்றிதழ் செல்லாது என்று வந்தால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டில் உள்ள சின்ன பட்டரி செத்திருக்கும், கரண்ட் போய் வந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும், அந்தத் திகதிக்குச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அது சிஆர் 2032 என்ற வட்ட பட்டரி, அட்டனில் மணிக்கூட்டுக் கடையில்கூடக் கேட்டு வாங்கலாம்.

சரி, முதலில் லேபலைச் செய்து ஃபோல்டர் வரியை மட்டும் மாற்றிவிட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள், டேட்டா மீதி எவ்வளவு என்று காலையிலும் பாடசாலை விட்ட பிறகும் பார்த்துக்கொள்ளுங்கள். டன்ஸ்ட், எழுத்துரு எல்லாம் அடுத்த நாள் செய்யலாம். டெர்மினலில் பிழைச் செய்தி ஏதும் வந்தால் அதை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள், கடவுச்சொல் வரியை அழித்துவிட்டு.